உருகி உருகுவது ஏன்?

மோட்டார் வண்டியில் பியூஸ் என்று வழங்கும் சிறு பொருளைத் தமிழில் உருகி என்பர். பூச்சிக்கொல்லி, வழிகாட்டி முதலிய சொற்களிற்போல, உருகு என்னும் வினையடியோடு இகர விகுதி கூடி, அத்தொழிலைச் செய்யும் பொருளுக்குப் பெயராயிற்று. இலக்கணம் பயில்வார்க்கு இப்பெயரே ஒரு செய்தியைச் சொல்லிவிடுகின்றது. உருகுவது அதன் தொழில். உருகிற்றென்றால் அது தன் கடமையைச் செய்தது என்பதே பொருள். இரவுக் காவற்காரன் கூவியெழுப்பினால் திருடன் எங்கே என்று தேடுவோமேயன்றிக் காவற்காரனை மாற்றமாட்டோம். ஆயினும் உருகி திரும்பத் திரும்பப் போகுமிடத்து நம்மவரிற் பலர் செய்வது காவற்காரனை மாற்றுவதே. வேறு சிலர், கூவவே கூவாத காவற்காரன் ஒருவனைத் தேடிக் கொணர்ந்து அவ்விடத்தில் நிறுத்துவர். இவ்விரண்டு பிழையும் எம் குடும்பத்திலேயே நேர்ந்தன. அவற்றைக் கொண்டே இப்பொருளை விளக்கப் புகுகின்றோம். யாம் பயில்வது தமிழ், பொறி நூலன்று. எனினும் இதனை அறிந்துகொள்ளுதற்குப் பள்ளியில் கற்ற மின்னியலும் சிறிது பொறுமையும் போதியனவாயிருந்தன.

முதற்கண் அடிப்படையைக் கூறுவோம். மோட்டார் வண்டியின் மின்கலம் பெரும்பாலும் 12 வோல்ட்டு அழுத்தமுடையது. அதன் ஒரு முனை வண்டியின் இரும்புடலோடு பிணைக்கப்பட்டுள்ளது. விளக்குக்கும் ஹாரனுக்கும் செல்லும் கம்பி ஒன்றே. மின்னோட்டம் திரும்பிவரும் வழி வண்டியின் உடலே. இவ்வமைப்பாற் கம்பிச் செலவு பாதியாகக் குறைகின்றது. ஆனால் ஓர் இடரும் கூடவே வந்துவிடுகின்றது. கம்பியின் உறை எங்கேனும் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு வண்டியின் உடலைத் தொடுமாயின், மின்னோட்டம் விளக்குவரை செல்லாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடும். பிரேக் விளக்கொன்று 21 வாட்டு எனின், அதனை 12 வோல்ட்டால் வகுக்க, அது கொள்ளும் மின்னோட்டம் 1.75 ஆம்பியர் என்பது பெறப்படும். குறுக்கு வழியிலோ தடையென்பது மிகச் சிறிது. அத்தடை ஓர் ஓமில் பத்திலொரு பங்கு என்று கொண்டாலும் 120 ஆம்பியர் பாயும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்மடங்காகும் என்பதை ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841-இல் நிறுவினார். எனவே அத்தகைய ஓட்டம் சில நொடிகள் நீடித்தாலும் மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்து, மேலுறை எரியத் தொடங்கும். அதற்கு முன்னரே தான் உருகி வழியை அறுப்பதற்காக வைக்கப்பட்டிருப்பதே உருகி.

நிற்க. எம் சிறிய தந்தையார் நாகர்கோவிலில் ஓர் அம்பாசிடர் வண்டியை வாடகைக்கு ஓட்டுபவர். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி இந்துஸ்தான் மோட்டார்ஸார் 1957-இல் செய்யத் தொடங்கிய அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் வங்காளத்து உத்தர்பாராவில் நின்றுபோயிற்று. ஆயினும் அவருடைய வண்டி இன்னும் ஓடுகின்றது. அதுவே அவர் குடும்பத்துக்குச் சோறு. கன்னியாகுமரியில் ஞாயிறு எழுவதைக் காண விரும்புவோரை விடியற்காலையில் அழைத்துச் செல்வார். கிறிஸ்துமஸ் நெருங்கும் காலத்தில், வளைகுடா நாடுகளிற் பணிபுரியும் நம்மவர் ஊர் திரும்புவர். அவர்களை ஏற்றிவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குச் செல்வார். ஆண்டு முழுவதற்கும் கைகொடுக்கும் வருவாய் அப்பருவத்தில்தான் கிடைப்பது.

சென்ற நவம்பரில், அவ்வாறு வந்துகொண்டிருந்த ஓரிரவு, களியக்காவிளைக்கு அப்பால் பெருமழையில் வைப்பர் நின்றுவிட்டது. டீசல் அளவைக் காட்டும் முள்ளும் படுத்துவிட்டது. பார்த்தால் உருகி போயிருந்தது. புதியதொன்றை மாட்டினார், எல்லாம் இயங்கின. சில நாட் கழித்து மீண்டும் அவ்வாறே ஆயிற்று. பழுது பார்க்குமிடத்தில், வைப்பர் மோட்டாரே கெட்டுவிட்டது, அதுவே உருகியை எரிக்கின்றது என்றார்கள். நான்கு நாள் வருவாயைக் கொடுத்து மோட்டாரை மாற்றினார். பின்னும் உருகி போயிற்று. வைப்பர் நின்றதனால் உருகி போகவில்லை. உருகி போனதனால் வைப்பர் நின்றது. காரியத்தைக் காரணமென்று கொண்டதே அங்கு நிகழ்ந்த பிழை. கண்ணுக்கு முதலிற் புலப்பட்டது வைப்பராதலின் பழியும் அதன்மேல் விழுந்தது.

டிசம்பர் நடுவில் ஒருநாள், கையிலிருந்த மாற்று உருகிகளும் தீர்ந்துவிட்டன. பின்னிருக்கையில் ஒரு தாயும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தனர். வழியோ நள்ளிரவு வழி. சிறிய தந்தையார் ஒரு செப்புக் கம்பியை முறுக்கி உருகியின் இடத்தில் வைத்துவிட்டார். குழித்துறை கடந்து ஒரு வேகத்தடையில் பிரேக்கை அழுத்தி இறங்கியபொழுது, ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்து புகை எழுந்தது. வண்டியை ஓரங்கட்டி, அவர்களை இறக்கிவிட்டுப் பானெட்டைத் திறந்து, ஸ்பானரால் மின்கலத்தின் முனையைக் கழற்றி எறிந்தார். யாருக்கும் தீங்கில்லை. மறுநாட் காலை அவர் எம்மிடம், “மக்கா, அந்தப் புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

செம்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1085 பாகை சூடு வேண்டும். கம்பியின்மேற் போர்த்த பி.வி.சி. உறையோ 100 பாகையைக் கடந்தவுடன் இளகத் தொடங்கும். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியை ஒருபோதும் வையார். அவ்வாறு வைத்த இடத்தில் எரிவது உருகியன்று, வண்டி. சிகரெட்டுத் தாளின் வெள்ளிநிறத் தகடும் செப்புக் கம்பிக்கு இளைத்ததன்று. பெரிய எண்ணுள்ள உருகியை மாட்டுவதும் அதே இனத்துப் பிழைதான். வேறுபாடு அளவில் மட்டுமே.

பழைய ஆங்கில மரபில் வந்த வண்டிகளில் இவ்வெண்ணைப் பற்றிய மயக்கமும் ஒன்றுண்டு; அதனையும் ஈண்டே கூறிவிடுதல் நன்று. லூக்காஸ் வகைக் கண்ணாடி உருகியில் 35 என்று எழுதியிருந்தால், அது 35 ஆம்பியரில் உருகிவிடும் என்பது பொருள். இடைவிடாது தாங்கக்கூடியது அதிற் பாதியே, அஃதாவது ஏறத்தாழ 17 ஆம்பியர். பிற நாட்டு உருகிகளில் 35 என்றிருப்பின் அவ்வளவையும் அது நெடுநேரம் தாங்கும். எண் ஒன்றே என்று எண்ணி ஒன்றினிடத்தில் மற்றொன்றை மாட்டுபவர், தாம் அறியாமலே காவலை ஏறத்தாழ இருமடங்கு தளர்த்திவிடுகின்றார். ஒரே சொல் இரண்டு நாட்டில் இரண்டு பொருள்படுவதைப் போன்றது இது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் வீட்டிலிருந்தோம். வண்டியோ வாசலில் நின்றது. வாடகைக்குப் பேசியவர்கள் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தனர். வண்டியைத் தொடுவதற்கு முன் யாம் முதலிற் கேட்டு வாங்கியது சிறிய தந்தையாரின் கணக்கு நோட்டை. நாள், ஊர், வாடகை, டீசல், தேநீர் என்று ஒவ்வொன்றையும் அவர் எழுதிவைப்பது வழக்கம். பியூஸ் வாங்கிய காசும் செலவுப் பத்தியில் இருந்தது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பார் செய்வதுபோல, அச்சொல் வரும் இடங்களையெல்லாம் கோடிட்டோம். ஐந்து இடங்கள் அகப்பட்டன. ஐந்தும் விமான நிலையத்திலிருந்து திரும்பிய நாட்கள். கன்னியாகுமரிக்கோ குளச்சலுக்கோ முட்டத்துக்கோ சென்ற ஒருநாளிலேனும் உருகி போனதில்லை. மழைதான் காரணமென்று சிறிய தந்தையார் உறுதியாக நம்பியிருந்தார். நாட்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தபொழுது, அவ்வைந்தில் மழை பெய்தவை இரண்டே. ஐந்துக்கும் பொதுவாயிருந்தது வேறொன்று. டிக்கி நிறையப் பெட்டிகள்.

அடுத்து, எரிந்த உருகிகளைப் பார்த்தோம். அவற்றில் இரண்டினை அவர் எறியாமல் வண்டியிலேயே போட்டுவைத்திருந்தது நற்பேறு. கண்ணாடிக் குழலின் உட்புறம் கறுத்து, இடையிடையே வெள்ளிப்பூச்சுப் போல் மின்னிற்று. இது பெருமின்னோட்டம் ஒரே நொடியிற் பாய்ந்து, உள்ளிழையை ஆவியாக்கியதன் அடையாளம். குறுக்குச் சுற்றென்பர் இதனை. சுமை சற்றே மிகுந்து, நெடுநேரம் சூடேறி உருகியதாயின், கண்ணாடி தெளிவாகவே இருக்கும். இழைமட்டும் நடுவில் இளகி அறுந்திருக்கும். மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. அங்கு இழை அறுவதில்லை. முனையிலுள்ள உலோகத் தொப்பியருகே பற்றாசு இளகி விட்டுப்போகும். உருகியைப் பிடிக்கும் கவ்வியில் களிம்பேறி, அவ்விடத்தே சூடு பிறப்பதால் நேர்வது அது. உப்புக் காற்று வீசும் நம் கடற்கரையூர்களில் இம்மூன்றாவதை எளிதாகக் காணலாம். கவ்வியை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, தளர்ந்திருந்தால் நெருக்கிவிடுவதே அதற்குரிய மருந்து.

இனி, குறுக்குச் சுற்று என்பது தெளிவாயிற்று. ஆனால் எங்கே? உருகியை மாட்டி மாட்டிப் பார்ப்பதாயின், ஒவ்வொரு முறையும் ஓர் உருகி செலவாகும். காரணமோ ஒரு நொடியில் மின்னி மறைந்துவிடும். இதற்கு வயரிங் வேலை செய்வோர் கையாளும் ஓர் எளிய உபாயம் உண்டு. உருகியை எடுத்துவிட்டு, அதன் இரு கவ்விகளுக்கும் இடையே 60 வாட்டு முன்விளக்குப் பல்பு ஒன்றைக் கம்பியால் இணைத்துவிட வேண்டும். குறுக்குச் சுற்று நேருமாயின் மின்கலத்தின் முழு அழுத்தமும் பல்பின்மேல் விழும். பல்பு முழு ஒளியோடு எரியும். அதன் வழியே 5 ஆம்பியருக்கு மேற் செல்லாதாகையால் கம்பிகளுக்குத் தீங்கில்லை. குறுக்குச் சுற்றில்லையெனில் பல்பு மங்கலாக எரியும். அல்லது எரியவே எரியாது. போன உருகி ஒருமுறை கூவிவிட்டு மாண்டது. பல்போ திருடன் நிற்கும் மட்டும் கூவிக்கொண்டே இருக்கும்.

செப்புக் கம்பியால் வெந்துபோன பகுதியை முதலிற் கழற்றி, தற்காலிகமாக வேறு கம்பி இணைத்துக்கொண்டோம். பின்னர்ப் பல்பை இணைத்துச் சாவியைத் திருப்பினோம். பல்பு கண் விழிக்கவில்லை. சிறிய தந்தையார் பிரேக்கை மிதித்தார். பல்பு மங்கலாகச் சிவந்தது. பின்னிரண்டு பிரேக் விளக்குகளும் அவ்வாறே சிவந்தன. மின்னோட்டம் பல்பையும் அவ்விளக்குகளையும் அடுத்தடுத்துக் கடப்பதால் இது இயல்பே, பழுதன்று. பெட்டிகளுக்குப் பதிலாக இரண்டு அரிசி மூட்டைகளை டிக்கியில் ஏற்றினோம். மீண்டும் பிரேக்; அதே மங்கல் ஒளி. சிறிது சோர்வுற்றோம். அப்பொழுது வேகத்தடையை நினைத்து, யாம் வண்டியின் பின்புறத்தை இரு கையாலும் அழுத்தி ஆட்டினோம். மூன்றாம் ஆட்டத்தில் பல்பு பளீரென்று எரிந்தது. பிரேக் விளக்குகள் அணைந்துபோயின. சிறிய தந்தையார் காலை எடுத்தார், பல்பும் அணைந்தது. மீண்டும் மிதித்தார், மீண்டும் பளீரென்றது. பிரேக் பொத்தானுக்கும் பின்விளக்குக்கும் இடையே, அதிலும் டிக்கிக்குள்ளே, கம்பி உடலைத் தொடுகின்றது என்பது இதனால் ஐயமற விளங்கிற்று.

மூட்டைகளை இறக்கி விரிப்பைத் தூக்கினோம். லூக்காஸ் மரபில் கம்பிகளின் நிறம் ஒரு மொழி; சாவி திறந்தபின் உருகி வழியே ஓட்டம் பெறுவன பச்சை; அவற்றுள் பிரேக் விளக்குக்குரியது ஊதாக்கோடிட்ட பச்சை. அக்கோட்டைப் பின்பற்றிச் சென்றோம். வலப்புற விளக்கிற்கு அக்கம்பி ஒரு தகட்டின் துளைவழியே செல்கின்றது. துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். எக்காலத்திலோ யாரோ விளக்கைக் கழற்றி மாட்டியபோது அதனை மீளப் போடவில்லை போலும். தகட்டின் விளிம்பு உறையை அறுத்து, செம்பு அரை விரற்கடை அளவு வெளிப்பட்டு நின்றது. வெறும் டிக்கியில் அது தகட்டைத் தொடாமல் நூலிழை விலகி நிற்கும். பெட்டிகள் துள்ளி விழுந்து கம்பியை இழுக்கும்பொழுது தொடும். அக்கணத்திலேயே காலும் பிரேக்கில் இருந்தால் உருகி போகும். பிரேக்கை மிதித்துக்கொண்டே துள்ளும் இடம் வேகத்தடையன்றி வேறு எது?

பழுது நீக்கியது சிறு வேலையே. கெட்ட துண்டை வெட்டி, அதே பருமனுள்ள புதுக்கம்பியைப் பற்றாசிட்டு இணைத்து, சூட்டிற் சுருங்கும் உறையைப் போர்த்தினோம். முறுக்கி நாடா சுற்றிவிடுவது எளிது; ஆயினும் வெயிலில் பசை இளகி ஓராண்டில் நாடா கழன்றுவிடும். துளைக்கு ரப்பர் வளையம் மாட்டி, பெட்டிகள் இடியாதபடி கம்பியைத் தகட்டோடு ஒட்டிக் கொக்கியிட்டோம். முன்புறம் இளகிப்போன பச்சைக் கம்பியை மட்டுமன்றி, அதனோடு கட்டில் ஒட்டிக் கிடந்த கம்பிகளையும் பிரித்துப் பார்த்தோம். இரண்டில் உறை உருகி ஒட்டியிருந்தது. அவற்றையும் மாற்ற நேர்ந்தது. செப்புக் கம்பி ஒன்றினால் வந்த வேலை மற்றெல்லா வேலையினும் மும்மடங்கு. கடைசியில் லூக்காஸ் வகை 35 உருகியையே மாட்டினோம்.

எல்லா வண்டியிலும் இவ்வாறே நேருமென்று கூறவில்லை. உருகி எப்பொழுது போகின்றது என்பதைக் கொண்டே இடத்தை ஊகித்தல் வேண்டும். மாட்டிய கணத்திலேயே போனால் எப்பொழுதும் ஓட்டமுள்ள கம்பியில் பழுது. ஒரு பொத்தானை அழுத்தியபின் போனால் அப்பொத்தானுக்கு அப்பால் தேடுக. கதவைத் திறந்து மூடும்போதாயின் கதவுக்கீலில் மடிந்து மடிந்து அறுந்த கம்பியையும், மழையில் மட்டுமாயின் நீர் புகுந்த விளக்குக்கூட்டையும் ஐயுறுக. ஓட்டத்தொடங்கி நெடுநேரம் கழித்துப் போனால், இறுகிச் சுழலும் மோட்டாரோ மிகைச்சுமையோ காரணமாகலாம். 55 வாட்டு விளக்கு இரண்டு ஏறத்தாழ 9 ஆம்பியர் கொள்ளும். பத்து ஆம்பியர் உருகியுள்ள அக்கம்பியிலேயே இன்னும் இரண்டு விளக்கைச் சேர்த்துவிட்டு, உருகி போகிறதென்று வருந்துவோர் உளர். அவற்றிற்குத் தனிக் கம்பியும் தனி உருகியும் ரிலேயும் வேண்டும். செல்பேசிக்கு மின்னேற்றும் துளையில் காசோ ஊசியோ விழுந்து கிடப்பதும் உண்டு; முதலில் அதனை எட்டிப்பார்த்தால் ஒரு நாள் உழைப்பு மிஞ்சும். நம் நாஞ்சில் நாட்டில் இன்னொரு பகையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்தபின் வயலெலிகள் ஊருக்குள் புகும். பானெட்டின் அடியிலிருக்கும் இளஞ்சூடு அவற்றிற்கு உவப்பானது. கம்பியுறையைக் கடிப்பதில் அவற்றிற்கு நிகர் அவையே.

இக்காலத்து வண்டிகளில் கண்ணாடிக் குழலுக்குப் பதிலாக இரு காலூன்றிய தட்டை உருகிகள் உள்ளன. நிறமே அளவைச் சொல்லும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பெட்டியின் மூடியிலோ வண்டியோடு தரும் கையேட்டிலோ எது எதற்குரியதென்று குறித்திருப்பர். அதனின் வேறுபட்ட நிறம் ஓரிடத்தில் செருகியிருக்கக் கண்டால், நமக்கு முன் யாரோ ஒருவர் பொறுமையிழந்தார் என்று அறியலாம். பல்பு வைத்துப் பார்க்கும் உபாயம் விளக்கு, ஹாரன், வைப்பர் போன்ற எளிய சுற்றுக்களுக்கே உரியது. காற்றுப்பையின் மஞ்சள் இணைப்புக்களையும், மின்வண்டிகளில் ஆரஞ்சு நிறத்துத் தடித்த கம்பிகளையும் யாமும் தொடோம். எம்மைப் போன்றவர் எவரும் தொடலாகாது.

சிறிய தந்தையார் டிசம்பர் 24 மாலையிலேயே நான்கு பெட்டிகளோடு ஒரு குடும்பத்தை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவந்தார். புத்தாண்டுக்குள் அவ்வழியில் ஆறு முறை சென்று மீண்டார். அன்று மாட்டிய உருகியே இன்றும் இருக்கின்றது. காரணமின்றிக் கழற்றப்பட்ட பழைய வைப்பர் மோட்டார் எம் வீட்டுப் பரணில் கிடந்தது. விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்புமுன் அதனை எடுத்து மின்கலத்தில் இணைத்துப் பார்த்தோம். நன்றாகவே சுழல்கின்றது.